இலைக்கு எவ்வளவு ஊட்டலாம்? உளுந்தும் 2 சத டிஏபி கரைசலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உளுந்து போடுகிறவர்களிடம் பேசினால் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: "பூக்கையில டிஏபி அடிக்கணும்." மண்ணில் போடவேண்டிய உரத்தை ஏன் இலையில் அடிக்கிறார்கள்? இலைக்கு வாய் இருக்கிறதா? அடிப்பதில் எவ்வளவு உள்ளே போகும்? அது போதுமா?

இந்தக் கேள்விகளுக்காகக் கொஞ்ச நாளாகப் படித்து எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்ததுதான் இந்தக் கட்டுரை. நான் வேளாண்மை படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் எனக்குப் பழக்கமான வழியிலேயே போகிறேன்: முதலில் அளவுகள், அப்புறம் கணக்கு, அதன் பிறகு காரணம்.

பரிந்துரை என்ன சொல்கிறது?

ஆலங்குடிக்குப் பக்கத்தில் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 'வம்பன் 6', 'வம்பன் 8', 'வம்பன் 10' என்று விதைக் கடைகளில் கேட்கிற உளுந்து ரகங்களெல்லாம் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவைதான். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற நண்பர்களிடம் "எங்க ஊர்ப் பேர்ல உளுந்து இருக்கு" என்று நான் பெருமை அடித்துக்கொள்வது உண்டு.

பயறு வகைகளுக்கான பல்கலைக்கழகப் பரிந்துரை இது. பூக்கத் தொடங்கும்போது ஒரு முறை, அதிலிருந்து 15 நாள் கழித்து இன்னொரு முறை, 2 சத டிஏபி கரைசல் தெளிக்கவேண்டும். ஒரு ஏக்கருக்கு முதல் நாள் மாலையே 4 கிலோ டிஏபியை 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் கிளறிவிட வேண்டும். மறுநாள் அடியில் தங்கிய கசடை விட்டுவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்து, 190 லிட்டர் தண்ணீர் சேர்த்து, மாலை வேளையில் இலை நனையத் தெளிக்க வேண்டும். கைத்தெளிப்பானில் 10 லிட்டர் டேங்க் என்றால் 20 டேங்க்.

கசடை ஏன் விடவேண்டும் என்றால், அது தெளிப்பான் மூக்கை அடைத்துவிடும். அது தவிர வேறு பெரிய ரகசியம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டிஏபி மூட்டையில் 18-46-0 என்று அச்சிட்டிருப்பார்கள். நூற்றுக்கு 18 பங்கு நைட்ரஜன் (தழைச்சத்து), 46 பங்கு பாஸ்பரஸ் பென்டாக்சைடு (மணிச்சத்தை உரக்கணக்கில் இப்படித்தான் சொல்வார்கள்), சாம்பல்சத்து இல்லை. ஆக 4 கிலோ டிஏபியில் இருப்பது:

நைட்ரஜன்: 0.72 கிலோ.
மணிச்சத்து: 1.84 கிலோ. கசடோடு கொஞ்சம் போய்விடும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவு.

இரண்டு தெளிப்புக்கும் சேர்த்தால் நைட்ரஜன் 1.44 கிலோ, மணிச்சத்து 3.68 கிலோ.

இனி செடியின் தேவைப் பக்கம் போகலாம். ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். உளுந்தில் புரதம் ஏறத்தாழ 24 சதம். புரதத்தை 6.25 ஆல் வகுத்தால் நைட்ரஜன் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 300 கிலோ உளுந்துக்குள் இருக்கிற நைட்ரஜன் சுமார் 11.5 கிலோ. உளுந்தில் பாஸ்பரஸ் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 0.38 கிராம், 300 கிலோவுக்கு 1.14 கிலோ, உரக்கணக்கில் மாற்றினால் சுமார் 2.6 கிலோ மணிச்சத்து.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நைட்ரஜன்: தேவை 11.5 கிலோ, தெளிப்பது 1.44 கிலோ. எட்டில் ஒரு பங்கு.
மணிச்சத்து: தேவை 2.6 கிலோ, தெளிப்பது 3.68 கிலோ. தேவையைவிட அதிகம்.

தெளித்ததெல்லாம் உள்ளே போகாது. மணிக்கு மட்டுமல்ல, தண்டுக்கும் இலைக்கும் வேருக்கும் சத்து வேண்டும். அதையெல்லாம் கழித்தாலும் ஒரு விஷயம் தெளிவாகிவிடுகிறது. ஒரே கரைசல், ஒரே இலை, ஆனால் நைட்ரஜனுக்கு அது தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். மணிச்சத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு.

இதே கணக்கை இரும்புக்கும் போட்டேன். இரும்புப் பற்றாக்குறைக்கு 0.5 சத ஃபெரஸ் சல்பேட் (அன்னபேதி உப்பு) கரைசல் தெளிப்பது வழக்கம். 200 லிட்டருக்கு 1 கிலோ உப்பு. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிராம், இரும்பு. 300 கிலோ உளுந்து மணியில் இருக்கிற மொத்த இரும்பு சுமார் 23 கிராம்தான். தெளித்ததில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும் கிட்டத்தட்ட போதும்.

என்னைப் பொறுத்தவரை இலைவழி ஊட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த மூன்று வரிக் கணக்கு போதும். இலை என்பது வீட்டின் பக்கவாட்டுக் கதவு. அதன் வழியாக மளிகைச் சாமான் பையைக் கொண்டுவரலாம், நெல் மூட்டையைக் கொண்டுவர முடியாது. எந்தச் சத்து எத்தனை கிலோ வேண்டும் என்பதை வைத்துத்தான் அது இலைவழி ஆகுமா, ஆகாதா என்று முடிவு செய்யவேண்டும்.

பக்கவாட்டுக் கதவு எப்படித் திறக்கிறது?

இலையின் மேல்தோலில் கியூட்டிக்கிள் என்ற மெழுகுப் படலம் இருக்கிறது. செடியின் தண்ணீர் ஆவியாகிவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாத ஒரு தோல், வெளியே இருக்கிற தண்ணீரை மட்டும் எளிதாக உள்ளே விடுமா? விடாது. ஆனால் அந்தப் படலம் முழுக்க அடைபட்டதும் இல்லை. உப்புகள் நீரில் கரைந்த நிலையில் மெதுவாகக் கசிந்து போகும் நுண்வழிகள் அதில் உண்டு.

"இலைத்துளை வழியா மருந்து உள்ள போகுது" என்று எல்லோரும் சொல்கிறோம். இதில் பாதிதான் சரி. தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை அதிகம். அதனால் சொட்டு சொட்டாக உருண்டு நிற்குமே தவிர, அவ்வளவு சிறிய துளைக்குள் தானாக வழிந்து ஓடாது. 1972-ல் ஷோன்ஹெர், புக்கோவாக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகள், துளையின் ஓரச் சுவர்களில் படிந்த மெல்லிய நீர்ப்படலம் வழியாகக் கரைந்த உப்பு ஊர்ந்து போகமுடியும் என்று சொல்கின்றன. ஆக, துளை ஒரு குழாய் மாதிரி இல்லை. சுவர் ஈரமாக இருக்கிறவரை சுவரோரமாகப் போகலாம், அவ்வளவுதான்.

உளுந்து இலையில் பூனைமுடி மாதிரி ரோமம் வேறு உண்டு. சொட்டு ரோமத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும், இலைத்தோலைத் தொடவே தொடாது. தெளிப்புக் கரைசலில் ஒட்டும் திரவம் கொஞ்சம் கலக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். அது இழுவிசையைக் குறைத்து, சொட்டைப் படலமாகப் பரப்பிவிடுகிறது.

மாலையில் அடிப்பது எதற்கு? "சாயங்காலம்தான் இலைத்துளை திறக்கும்" என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உளுந்து, நெல், நிலக்கடலை போன்ற சாதாரணப் பயிர்களில் துளை பகலில் திறந்து இரவில் மூடும். எனவே அந்த விளக்கம் நிற்காது. உண்மையான காரணம் ஈரம். கரைசல் காய்ந்து உப்புப் பொடியானதும் உள்ளே போவது நின்றுவிடுகிறது. வெயிலில் அடித்தால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், கூடவே உப்புச் செறிவு ஏறி இலை கருகும். மாலையில் அடித்தால் காற்றின் ஈரப்பதம் ஏற ஏறச் சொட்டு நீண்ட நேரம் ஈரமாக நிற்கும். விடியற்காலைப் பனியில் காய்ந்த உப்பு மறுபடியும் கரைந்து இன்னொரு சுற்று உள்ளே போக வாய்ப்பு உண்டு.

இணையத்தில் இலைவழி ஊட்டம் பற்றித் தேடினால், அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் கஞ்சா வளர்ப்பவர்கள் எழுதிய குறிப்புகள் நிறைய வந்து விழும். கனடா மாதிரி நாடுகளில் 2018 முதல் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இங்கே 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பது குற்றம். ஆனால் அவர்கள் சொல்கிற ஒரு விஷயம் இதே இயற்பியல்தான்: விளக்கை அணைக்கும் நேரத்தில் தெளி, சீக்கிரம் காயாது. அவர்கள் சொல்கிற இன்னொன்று நமக்கு நேரெதிர்: பூ வந்தபின் தெளிக்காதே. அங்கே அறுவடை செய்வதே பூவைத்தான். அடர்ந்த பூங்கொத்துக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், தெளித்ததும் அதிலேயே தங்கும். உளுந்தில் நமக்கு வேண்டியது காய்க்குள் இருக்கும் மணி. அதனால்தான் இங்கே பூக்கும்போதே அடிக்கிறோம். ஒரு பயிருக்குச் சொன்னதை இன்னொரு பயிருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பூக்கும்போது மட்டும் ஏன்?

பயறு வகைகளுக்கு வேர் முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா இருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனை அது செடிக்குப் பிடித்துத் தருகிறது. பதிலுக்குச் செடி தன் சர்க்கரையை வேருக்கு அனுப்புகிறது. காய் பிடிக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறுகிறது. சர்க்கரை முழுக்கக் காய்ப் பக்கம் திரும்புகிறது, வேர் முடிச்சு பட்டினி கிடக்கிறது, நைட்ரஜன் வரத்து குறைகிறது. மணியில் புரதம் சேரவேண்டிய, அதாவது நைட்ரஜன் மிக அதிகம் தேவைப்படுகிற, அதே நாட்களில்தான் வரத்தும் குறைகிறது.

அப்போது செடி என்ன செய்யும்? இலையில் இருக்கிற நைட்ரஜனைப் பிரித்தெடுத்து மணிக்கு அனுப்பும். இலை பழுத்து உதிரும். இலை உதிர்ந்தால் ஒளிச்சேர்க்கை குறையும், காய் சுருங்கும். 1975-ல் சின்க்ளேர், டி விட் என்ற இருவர் 'சயன்ஸ்' இதழில் பல பயிர்களின் மணிக்குத் தேவையான நைட்ரஜன் கணக்கைப் போட்டு, சோயா போன்ற பயறுகள் இப்படித் தன்னைத்தானே தின்று மணி கட்டுகின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

இதைப் படித்ததும் எவருக்கும் தோன்றுவது, "அப்படின்னா அந்த நேரத்துல இலைக்கே ஊட்டிவிட்டா என்ன?" என்பதுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்சியா, ஹான்வே என்ற இருவர் அதைத்தான் செய்தார்கள். மணி முற்றும் காலத்தில் சோயா இலையில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம் நான்கையும் கலந்து தெளித்தார்கள். விளைச்சல் கணிசமாகக் கூடியது என்று 1976-ல் வெளியிட்டார்கள். பெரிய பரபரப்பு. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல மாநிலங்களில் செய்து பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் பலன் தெரியவில்லை. சில இடங்களில் இலை கருகி விளைச்சல் குறைந்தது.

மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நல்ல மண்ணில், கிலோ கிலோவாக நைட்ரஜன் வேண்டிய பயிருக்கு, அத்தனையையும் பக்கவாட்டுக் கதவு வழியாகத் திணிக்கப் பார்த்தார்கள். செறிவைக் கூட்டினால் இலை கருகும். செறிவைக் குறைத்தால் அளவு போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் மிகவும் குறுகியது.

அப்படியானால் வம்பன் பரிந்துரை மட்டும் எப்படி நிற்கிறது?

நம் மண்தான் காரணம்

ஆலங்குடி, வம்பன் பக்கம் செம்பொறை மண். அதன் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. இரும்பும் அலுமினியமும் மிகுந்த இந்த மண், போடுகிற மணிச்சத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மண்ணில் மணிச்சத்து இருக்கும், வேருக்குக் கிடைக்காது. அடியுரமாகப் போட்ட டிஏபியிலும் ஒரு பகுதிக்கு இதே கதிதான். இலையில் தெளிக்கிற மணிச்சத்துக்கு இந்த மண்ணைத் தாண்டவேண்டிய வேலையே இல்லை. தேவையோ சில கிலோதான். செடிக்குள் போனதும் மணிச்சத்து இலையிலிருந்து காய்க்கு எளிதாக நகரக்கூடியது. மூன்றும் பொருந்தி வருகிறது.

இன்னொரு இடம், அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. அங்கேயும் தஞ்சை, திருவாரூர்ப் பக்கமும் நெல் தரிசில் உளுந்து போடுவார்கள். நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே விதையைத் தூவிவிடுவது. உழவு கிடையாது, பாத்தி கிடையாது, பல நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. பனி ஈரத்திலேயே விளையும். உழாத நிலத்தில் அடியுரத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? மேலே தூவினால் கரைய ஈரம் இல்லை. முன்வாசல் பூட்டிக் கிடக்கிறது. எனவே பக்கவாட்டுக் கதவு.

இப்படி இரண்டு காரணங்கள் சேர்ந்ததால்தான் அயோவாவில் தோற்ற யோசனை இங்கே ஒரு பரிந்துரையாக நிற்கிறது. வேர் வழி அடைபட்டிருக்கிறது, தேவை சிறியது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் டிஏபி தெளிப்பு வெறும் கூலிச் செலவு.

பல்கலைக்கழகம் 'பயறு ஒண்டர்' என்று ஒரு கலவையும் தருகிறது. ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கும் பருவத்தில். அதில் சத்துகளோடு வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்திருக்கிறது. தனியாக என்ஏஏ என்ற ஊக்கியை லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று தெளிக்கும் பரிந்துரையும் உண்டு. 200 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு வெறும் 8 கிராம். இது உணவே இல்லை, பூ உதிராமல் இருக்கச் செடிக்குச் சொல்லும் ஒரு சேதி. கிராம் கணக்கில் வேலை செய்கிற இந்த மாதிரிப் பொருள்களுக்கு இலை மிகச் சரியான வழி.

மஞ்சள் எங்கே ஆரம்பித்தது?

போன பட்டத்தில் ஒரு நாள் சித்தப்பா போன் செய்தார். ஒரு ஏக்கர் உளுந்து.

"ஏப்பா, செடி வெளுத்துக்கிட்டு வருது. கடையில ஒரு டானிக் குடுத்திருக்காங்க, 600 ரூவா. சாயங்காலம் ஆளு வருது, அடிச்சுடட்டுமா?"

"சித்தப்பா, மஞ்சள் மேல் இலையிலயா, கீழ் இலையிலயா?"

"அதப் பாக்கலியே."

"பாத்துட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதுவரைக்கும் டேங்க்ல கைய வைக்காதீங்க."

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குச் செடிக்குள் நடக்கிற போக்குவரத்துதான் காரணம். நைட்ரஜன், மணிச்சத்து, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். எனவே குறை கீழ் இலையில் தெரியும். இரும்பு, கால்சியம் போன்றவை போன இடத்திலேயே தங்கிவிடுபவை. பற்றாக்குறை வந்தால் புது இலைக்குக் கிடைக்காது. எனவே குறை மேலே, கொழுந்தில் தெரியும்.

கீழ் இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் நைட்ரஜன்.
கீழ் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம்.
கீழ் இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம்.
கொழுந்தில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள் அல்லது வெள்ளை என்றால் இரும்பு.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதுதான் ஆபத்தானது. பளிச்சென்ற மஞ்சள், ஒழுங்கில்லாத திட்டுத்திட்டாக, பச்சையும் மஞ்சளும் கலந்து. நரம்பு ஒழுங்கு எதுவும் இருக்காது. வயலில் எல்லாச் செடியிலும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். அது சத்துக் குறைவு இல்லை, மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். இதற்கு எந்த டானிக்கும், எந்த டிஏபியும், எந்த நுண்ணூட்டமும் மருந்து ஆகாது.

சித்தப்பா அனுப்பிய படத்தில் இருந்தது அதுதான். நோய் வந்த செடிகள் அப்போதைக்கு எண்ணிவிடும் அளவில்தான் இருந்தன. அவற்றைப் பிடுங்கி அப்புறப்படுத்தினார். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தார். டானிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். வந்த ஆளை வைத்து இருபது டேங்க் அடித்திருந்தால் 600 ரூபாயும் கூலியும் மட்டுமா போயிருக்கும்? நோய் பரவ இன்னும் ஒரு வாரம் கிடைத்திருக்கும். அடுத்த பட்டத்துக்கு நோயைத் தாங்கும் ரகம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வம்பன் மையத்தின் முக்கியப் பங்களிப்பாக நான் நினைப்பது அதைத்தான். தெளித்துச் சரிசெய்ய முடியாத ஒன்றை விதையிலேயே சரிசெய்யப் பார்க்கிறார்கள்.

ஒரு இலையில் சோதனை

1840-களில் பிரான்சில் யூசேப் கிரிஸ் என்பவர், வெளுத்துப்போன செடி இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவிப் பார்த்தார். தடவிய இடம் பச்சையானது. இலைவழி ஊட்டத்தின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. நூறாண்டு கழித்து, 1950-களில், மிச்சிகனில் டுக்கி, விட்வர் ஆகியோர் கதிரியக்கப் பாஸ்பரஸை இலையில் வைத்து, அது தண்டு வழியாக வேர் வரை போவதைக் கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள்.

நமக்குக் கதிரியக்கம் வேண்டாம், கிரிஸ் செய்ததே போதும். நிலக்கடலையோ மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலையோ, கொழுந்து வெளுத்திருந்தால் 100 மில்லி தண்ணீரில் அரை கிராம் ஃபெரஸ் சல்பேட், சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து (இரும்பு துருப்பிடித்துப் படியாமல் இருக்க), பஞ்சால் இலையின் ஒரு பாதியில் மட்டும் தடவுங்கள். சில நாளில் அந்தப் பாதி பச்சை பிடித்தால் இரும்புக் குறைதான். அப்புறம் ஏக்கர் முழுக்க அடிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் காசு மிச்சம்.

இரும்பு நகராது என்பதால், தெளித்த இலை பச்சையானாலும் அதற்குப் பின் வரும் புது இலை மறுபடி வெளுக்கலாம். அதனால்தான் 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடிக்கச் சொல்கிறார்கள். சுண்ணாம்பு நிலத்திலும், பைகார்பனேட் மிகுந்த போர்த் தண்ணீர் பாயும் நிலத்திலும் இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும். தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் வரும். அப்போது தொட்டியின் அடித்துளையைச் சரிசெய்வதுதான் வைத்தியம்.

அரை லிட்டர் பாட்டில், ஒரு மூட்டை

இந்தக் கணக்கை நானோ யூரியாவுக்கும் போடாமல் இருக்க முடியவில்லை. 2021-ல் இஃப்கோ நிறுவனம் கொண்டுவந்தது. 500 மில்லி பாட்டில் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்பது விளம்பரம்.

முதலில் வந்த பாட்டிலில் நைட்ரஜன் 4 சதம். 500 மில்லியில் 20 கிராம். யூரியாவில் 46 சதம். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். 2024-ல் செறிவு கூட்டப்பட்ட வகை வந்தது. அதில் 500 மில்லிக்கு 100 கிராம் என்று எடுத்தாலும் இருநூறு மடங்கு. ஒரு ஏக்கர் நெல் 2,000 கிலோ விளைந்தால் மணியில் மட்டும் 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கும்.

மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகியும் கரைந்தும் வீணாகிறது, இலையில் போடுவது வீணாகாது என்பது நிறுவனத் தரப்பு வாதம். முதல் பாதி உண்மை. ஆனால் மூட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் செடிக்குப் போகிறது என்று வைத்தாலும் அது கிட்டத்தட்ட 7 கிலோ. பாட்டிலில் ஒரு துளி வீணாகாமல் போனாலும் 20 கிராம் 20 கிராம்தான். 2023-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஃப்ராங்க், சோரன் ஹூஸ்டெட் இருவரும் 'பிளான்ட் அண்ட் சாயில்' இதழில் இந்தக் கூற்றுகளைக் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள். லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் களச் சோதனையில், யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்த நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது.

இலைவழி ஊட்டமே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வம்பன் கரைசலும் இலைவழிதான், அன்னபேதி உப்பும் இலைவழிதான். எந்தச் சத்தை எந்த அளவில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இலை வழியாப் போனா வேகமா வேலை செய்யும்" என்பது உண்மை. அந்த உண்மையை வைத்து "அதனால கொஞ்சமே போதும்" என்று விற்பதுதான் பிரச்சினை.

தெளிக்கும் முன்

சில நடைமுறைக் குறிப்புகள்.

டிஏபி கரைசலில் துத்தநாக சல்பேட், கால்சியம் உரம் எதையும் சேர்த்துக் கலக்காதீர்கள். மணிச்சத்து அவற்றோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். இரண்டும் வீண். ரொம்பக் கடினமான போர்த் தண்ணீரிலும் இதேதான் கொஞ்சம் நடக்கும். இலையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். மழைநீரோ குளத்து நீரோ கிடைத்தால் நல்லது.

வாடிய செடியில் அடிக்கவேண்டாம். தண்ணீர் பாய்ச்சி ஓரிரு நாள் கழித்து அடிக்கலாம். 2 சதத்தை 4 ஆக்கினால் பலன் இரட்டிப்பாகாது, கருகல்தான் இரட்டிப்பாகும். அடித்துச் சில மணி நேரத்தில் மழை வந்தால் பெரும்பகுதி கழுவிக்கொண்டு போய்விடும்.

கடைசியாக, இது என் தொழில் புத்தி. வயலில் இரண்டு மூன்று சால் மட்டும் தெளிக்காமல் விடுங்கள். இரண்டு ஓரத்திலும் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அறுவடையில் தெளித்த சாலையும் தெளிக்காத சாலையும் தனித்தனியாக அடித்து, தனித்தனியாக எடை போடுங்கள். கடைக்காரர் சொல்வதும் நான் சொல்வதும் உங்கள் மண்ணுக்குப் பொருந்துகிறதா என்பதை அந்த இரண்டு எடையும் சொல்லிவிடும். அடுத்த பட்டத்தில் டேங்கைத் தூக்கலாமா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.